வயர் வேண்டாத பெட்டி

"உங்கட டீவி எத்தின இஞ்ச், அன்ரி?" என்று கடைப்பிள்ளை கேட்டாள். "இந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் வயரால வருமா, வயர் இல்லாம வருமா?" என்று திருப்பிக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற புளூரே பிளேயர் கேட்டு ஒரு மனுசி கடைக்கு வந்தே பல காலம் ஆகியிருக்கும். அதிலும் படம் தெளிவாகத் தெரியுமா, சத்தம் எப்படி என்று ஒன்றும் கேட்காமல் வயரைப் பற்றி மட்டும் விசாரிக்கிற மனுசி.

"இப்ப ஆரும் டிஸ்க் பாக்கிறல்ல அன்ரி," என்றாள். விரல் நீளத்தில் ஒரு குச்சியை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். "இத டீவிக்குப் பின்னால குத்தினாச் சரி. எல்லாம் வரும்."

"டிஸ்க் வராதே."

"டிஸ்க் என்னத்துக்கு அன்ரி?"

அதற்குப் பதில் சொல்வதென்றால் ஒரு மாதத்துக்கு முந்திய ஒரு பின்னேரத்திலிருந்து தொடங்க வேண்டும். கடையில் நின்று சொல்லக்கூடியது இல்லை அது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீடு வாவிக்குக் கிட்ட இருக்கிறது. என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். நாளைக்கு இது என் மகளுக்கு. அவளுக்குப் பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதப் போகிறாள், உயிரியல் பிரிவு. பாட வீடியோக்களை ஃபோனில் பார்த்தால் தலையிடிக்கிறது என்று பழைய புளூரே பிளேயர் வழியாக டீவியில் பார்ப்பாள். ரெலிபோன் லைன் வந்து சேர்கிற முன்னறையில் ரவுட்டர். அங்கிருந்து ஒரு நீல வயர் சுவரோரமாக ஓடி ஹோலில் இருக்கும் பிளேயருக்குள் போகும். பாடம் அலுத்தால், லண்டனிலிருக்கும் சித்தப்பா அனுப்பிய கடல் உயிர்கள் பற்றிய டிஸ்க்குகளைப் போடுவாள். நானும் நண்டு கழுவின கையோடு வந்து நின்று நண்டுப் படம் பார்ப்பேன். அதுதான் எங்களுடைய பொழுது. அவள் விளக்கம் சொல்வாள், நான் சமையலை அடிப்பிடிக்க விடுவேன்.

முதல் இடிமுழக்கம் கேட்டதும் பிளக்கைக் கழற்றுவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அன்றைக்கு முழக்கம் வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் கேட்டது. நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன்.

"பிளக்கைக் கழட்டு புள்ள!"

"கழட்டிற்றன்மா."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ரெலிபோன் லைனாலும் மின்னல் வரும் என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. "அந்த நீல வயரையும் கழட்டு!" என்று கத்தினேன். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. குனிந்து வயரைப் பிடித்தாள். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நான் கணக்குப் படிப்பிக்கிறவள். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணுவது என் பழக்கம். அன்றைக்கு எண்ணுவதற்கு ஒன்று என்ற எண்கூட இருக்கவில்லை.

நான் ஓடி வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் ஒரு இரவும் ஒரு பகலும் வைத்திருந்து இதயத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னார். விரல்களும் ஆறின. ரவுட்டரும் பிளேயரும் எரிந்துபோயிருந்தன. டீவி தப்பியது, பின்னால் வயர் குத்துகிற ஒரு துளை மட்டும் செத்துவிட்டது.

பிள்ளை வீட்டுக்கு வந்தாள், ஆனால் ஹோலுக்கு வரவில்லை. தன் அறையிலிருந்து வாசலுக்குப் போவதென்றாலும் பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். சுவிட்சை அகப்பைக் காம்பால் அமர்த்தினாள். வானம் கறுத்தால் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் குசினியில் என் பின்னால் வந்து நின்றாள். மாரி தொடங்குகிற காலம் அது, வானம் கறுக்காத பின்னேரம் கிடையாது. ஒரு மாதத்தில் அவள் பத்துப் பக்கம் படித்திருப்பாளா தெரியாது.

என் கணவர் ரெலிபோன் வயரை வேலியோடு வெட்டிச் சுருட்டி வைத்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல். அவருடைய அக்கா, என் மச்சாள், முருங்கைக்காய் கொண்டு பார்க்க வந்தாள். நான் புதுப் பிளேயர் வாங்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் முகம் மாறிவிட்டது.

"எரிஞ்சது காணாதா உனக்கு? இன்னொண்டக் கொண்டந்து வைக்கப் போறியா?"

"ஓம்."

"இடி விழுந்த வீடுகா. முதல்ல ஒரு ஆளக் கூட்டி வந்து மந்திரிச்சு நூல் கட்டுவம்."

"நூலக் கட்டுங்க மச்சாள். பெட்டியும் வரும்."

அவள் முருங்கைக்காயை மேசையில் வைத்தாள். "அந்த வயரப் புடிக்கச் சொன்னது ஆர்? நீதானே?"

அவள் கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்தவள். ஆனால் அந்தச் சொல் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்றது. இரவு கணவரிடம் சொன்னேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: "நீ பெட்டிய அவளுக்கு வாங்கப் போறியா, உனக்கு வாங்கப் போறியா?"

"ரெண்டு பேருக்கும்," என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஹோல் அவளுடையது. நாளைக்குக் கலியாணம் கட்டி அந்த ஹோலில்தான் அவள் இருக்கப் போகிறாள். ஒரு மின்னல் வந்து சொல்லிவிட்டுப் போனதற்காக, தன் சொந்த வீட்டில் ஒரு பிள்ளை கோடிப்பக்கத்தால் சுற்றி நடக்க வேண்டுமா? எனக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் வாங்கப் போனேன். குச்சி வேண்டாம் என்றது டிஸ்க்குக்காக. எரிந்த பிளேயரைத் திருத்துகிறவரிடம் கொடுத்துத் திறந்தபோது உள்ளே இருந்த டிஸ்க் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அன்றைக்கு அவள் பாதியில் விட்ட டிஸ்க். அது ஓட வேண்டும். அதே ஹோலில் ஓட வேண்டும்.

அடுத்ததாகப் பள்ளிக்கூடம் விட்டு நேரே காத்தான்குடியில் ஒரு கடைக்குப் போனேன். கட்டாரில் பல வருசம் வேலை செய்துவிட்டு வந்து கடை போட்டவர், என் வயதுதான் இருக்கும். அவரிடம் இரண்டு புளூரே பெட்டிகள் இருந்தன. ஒன்றில் இன்டர்நெட் வயரால் மட்டும். மற்றதில் வைஃபை உள்ளேயே இருந்தது. அவர் வயர்ப் பெட்டியைத்தான் முன்னால் தள்ளினார்.

"வயரெண்டா வீடியோ நிக்காம ஓடும் டீச்சர். வைஃபை சில நேரம் சுத்திட்டு நிக்கும்."

"சுத்தட்டும்."

"ரெண்டும் ஒரே கம்பனிதான். என்னத்துக்கு வயருக்கு இவ்வளவு கோவம்?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன், கத்தினது நான்தான் என்பதையும். அவர் வயர்ப் பெட்டியை எடுத்துத் தட்டில் திருப்பி வைத்தார்.

"பிள்ள நல்லா இரிக்கா?"

"நல்லா இருக்கா. ஹோலுக்குத்தான் வாறா இல்ல."

"அல்லாஹ் காப்பாத்தினான். டீச்சர், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. வீட்டுல எர்த் சரியா இரிக்கா? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எர்த் கம்பி என்று ஒன்று சுவரோரம் மண்ணுக்குள் போகும் என்பது தெரியும். அவ்வளவுதான்.

"முதல்ல அதப் பாருங்க. மறுகா வாங்க. பெட்டி எங்கயும் போகாது, இத இங்க ஆரும் கேக்கிறல்ல."

விற்க வேண்டிய மனிதர் விற்காமல் அனுப்பினார். வீட்டுக்கு வந்து வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் கிணற்றடியில் குந்திப் பார்த்துவிட்டு, சுத்தியலால் சீமெந்தின் ஓரத்தை உடைத்தார். எர்த் வயர் சீமெந்துக்குக் கீழே அறுந்து பச்சையாகப் பூத்துக் கிடந்தது. கிணற்றடிக்குச் சீமெந்து போடச் சொன்னதும் நான்தான். "இது சரியா இருந்திருந்தா பிள்ளைக்கு ஒண்டும் ஆகியிராதா?" என்று கேட்டேன். "அப்பிடிச் சொல்லேலா டீச்சர். இருந்தா நல்லம், அவ்வளவுதான்," என்றார். அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. புதுக் கம்பி இறக்கினோம். ரெலிபோன் லைனைத் திரும்ப எடுக்கவில்லை. சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கினோம். இனி வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது கரண்ட் வயர் ஒன்றுதான், பெட்டியை அதிலிருந்து கழற்றப் பிளக் இருக்கிறது.

இரண்டாம் தரம் கடைக்குப் போனபோது, தப்பிய டிஸ்க்கைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். "இது லண்டன் டிஸ்க். உங்கட பெட்டியில ஓடுமா?"

"டிஸ்க்குக்கும் விசா இரிக்கி டீச்சர். சிங்கப்பூர்ப் பெட்டியில போட்டா லண்டன் டிஸ்க்கத் திருப்பி அனுப்பிரும். இது வளைகுடாவில வித்த பெட்டி. லண்டனும் வளைகுடாவும் ஒரே விசா."

போட்டுக் காட்டினார். கடல் வந்தது. அடுத்தது பாட வீடியோ. கடையின் வைஃபையில் சேர்த்து, ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தித் தேடினேன். கரப்பான் பூச்சியின் உள்ளுறுப்புகள் பற்றிய பாடம் பெரிய திரையில் ஓடத் தொடங்கியது. ஃபேன் வாங்க வந்த இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். "கரப்பானுக்கும் டியூசனா?" என்றார் ஒருவர். நான் அசையவில்லை. பத்து நிமிசம் நிற்காமல் ஓடுகிறதா என்று மணிக்கூட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

வீட்டில் டீவியோடு பூட்டினோம். மிஞ்சியிருந்த ஒரு துளை பெட்டிக்குப் போனது. மகள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கத்திக் கூப்பிட்டது போதும். ஒவ்வொரு பின்னேரமும் நானே போட்டேன், நானே இருந்து பார்த்தேன், சத்தம் அவள் அறைக்குக் கேட்கும்படி. மூன்றாம் நாள் மறுபடி கரப்பான் பாடம். கணவர் பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரப்பானுக்கு இதயத்தில எத்தின அறை?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். ரெண்டு இருக்கும்."

"ரெண்டா? எனக்கெண்டா நாலெண்டு நினைவு."

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பதின்மூண்டு."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம். அடுத்த நாள் அவள் அறை வாசற்படியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருந்து பார்த்தாள். அதற்கடுத்த கிழமை கதிரை ஹோலுக்குள் வந்தது. ரிமோட்டை மட்டும் தொடவில்லை. "அடுத்தது போடுங்கம்மா," என்பாள், நான் அமர்த்துவேன்.

மச்சாள் ஒருநாள் வந்து பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். நூலை மட்டும் கதவில் கட்டிவிட்டுப் போனாள். நல்லது. அதுவும் கிடக்கட்டும்.

பிறகுதான் அந்தப் பின்னேரம் வந்தது. நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். படுவான்கரைப் பக்கம் முழக்கம், மிகத் தூரத்தில். என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு எழும்பி ஹோலுக்கு நடந்தேன். அவள் டீவிக்குப் பக்கத்தில் நின்றாள். பிளக் கழன்று தரையில் கிடந்தது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"கழட்டிற்றன். கத்தாதீங்க."

"நான் கத்தல்லயே."

"கத்துவீங்க எண்டுதான் முன்னுக்கே சொல்றன்."

குசினிக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. கதிரையில் கால்களை மடக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மழை தொடங்கியது. ஒவ்வொரு மின்னலுக்கும் அவள் சத்தமாக எண்ணினாள். ஒன்பது. ஆறு. நாலு. நாலில் அவள் கால்களை இன்னும் இறுக்கி மடக்கினாள். என்னுடைய கை அவளுடைய கதிரையின் கையைப் பிடித்திருந்தது. வா, குசினிக்குப் போவோம் என்று சொல்லப் பார்த்தேன். சொல்லவில்லை. பிறகு ஏழு. பதினொன்று. பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்து அரை மணித்தியாலம் காத்திருந்தாள். எழும்பினாள். நானும் எழும்பினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். இடது கையால் பிளக்கை எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குத்தினாள். முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கை வந்தது. சிவந்த தழும்பு உள்ள விரலால் சுவிட்சை அமர்த்தினாள். பெட்டியில் சின்ன வெளிச்சம் பற்றியது.

"ரிமோட்டத் தாங்க," என்றாள். எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "முதல்ல கையக் கழுவிட்டு வாங்கம்மா. ரிமோட் முழுக்கத் தேங்காய்ப்பூ."