மாமாவின் ஹெல்ப்

ஞானமாமா இறந்த செய்தி, வேலணை பஸ்ஸில் நின்றபடி பண்ணைப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது தொலைபேசியில் வந்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பி இடம் தந்தார். நான் அழவில்லை. வசதியாக இருந்துகொண்டு சரவணை வந்து சேர்ந்தேன்.

அன்று பின்னேரமே கனடாவிலிருந்து அவர் மகன் அழைத்தார். "மச்சான், முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தாரும். அப்பா சனத்துக்குச் செய்த ஹெல்ப் எல்லாத்தையும் போடும்." அதையே எழுதுகிறேன். வாசிக்கிற நீங்களும் அவரை அறிந்தவர்கள். பொய் எழுதினால் பிடித்துவிடுவீர்கள்.

குருநாகலில் கடை வைத்திருந்த மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ஹெல்ப் என்ற சொல் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் போகாது. ஊருக்கு வந்தபோது பக்கத்து வளவுக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, அந்த வளவுக்காரரிடம், "உமக்குக் கூட்டித் துப்புரவாக்கிற வேலை குறையுது. ஹெல்ப்தானே" என்றார். கோயிலுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்து, திருவிழா முடியும்வரை ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்லவைத்ததும் ஹெல்ப். அவர் செய்தால் ஹெல்ப், மற்றவர் செய்தால் கடமை.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா இல்லாத வீடு. அக்கா சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"பிள்ளையை என்னோட விடு, தங்கச்சி. மாமிக்கு உடம்பு ஏலாமல் கிடக்கு. ஒரு மாதம் ஹெல்ப்பா நிக்கட்டும். பிறகும் நிக்க விருப்பமெண்டால் குருநாகலில நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, நானே சேர்த்துவிடுறன்."

அம்மா நம்பினார். அக்கா அங்கே பள்ளிக்கூட வாசலைக்கூடக் காணவில்லை. அவர் வீட்டுக் குசினியில் மூன்று வருடம் சமைத்தாள், சோதனையும் போயிற்று. வருகிறவர்களுக்கு அவளைக் காட்டி, "தகப்பனில்லாத பிள்ளை, நான்தான் ஹெல்ப் பண்ணுறன்" என்பாராம். இதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காகவும் மன்னிக்கப் போவதில்லை.

கடைசிக் காலத்தில் ஊருக்கு வந்து படுக்கையில் கிடந்தார். அக்கா பார்க்கப் போனாள். நானும் பின்னால் போனேன். ஆயுள் முழுக்க வாயில் கிடந்த சொல், தேவைப்பட்ட அன்று அவருக்கு வரவில்லை. "பிள்ளை, தண்ணி" என்றார். அக்கா அவர் தலையைத் தாங்கிப் பருக்கினாள்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அந்த மனுசனுக்குப் போய் ஹெல்ப் பண்ணுறியளே?"

அக்கா நின்றுவிட்டாள். "தண்ணி கேட்டார், குடுத்தனான். அதுக்கு அந்தப் பேரை வையாத."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. "ஒரு சின்ன ஹெல்ப்" என்று யாராவது வாசல் படலையில் நின்று தொடங்கினால், உடனே கேட்பேன்: "போற பிள்ளை எப்ப திரும்பி வீட்டை வரும்?"