சித்தி வாசித்த அயர்லாந்து மெட்டு

அம்மாவின் தங்கை எங்களோடு கரமனையில்தான் இருந்தாள். வயலின் நன்றாக வாசிப்பாள். ஞாயிறு மாலைகளில் பழைய வெளிநாட்டுப் படங்கள் காட்டும் ஒரு ஃபிலிம் சொசைட்டிக்குப் போவாள். தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் காவலுக்கு நான். ஏழு வயதுக் காவலுக்கு ஒரு பொட்டலம் கடலை போதுமானதாக இருந்தது.

அங்கே புரொஜக்டர் ஓட்டிய மலையாளிச் சேட்டன், படம் முடிந்ததும் சித்தியிடம் வந்து பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் அயர்லாந்துப் படம். கல்யாண வீட்டில் பிடில்காரர்கள் துள்ளலாக வாசிக்க, ஊரே ஆடியது. கடைசியில் கதாநாயகி கப்பலேறும்போது அதே மெட்டு மெதுவாக வந்தது. நான் அழுதுவிட்டேன். அது அந்த ஊர் நாட்டுப்புற மெட்டு என்றும், இசையமைப்பாளர் அதன் வேகத்தை மட்டும் குறைத்திருக்கிறார் என்றும் சேட்டன் விளக்கினார். அடுத்த வாரம் அதை ஒரு சிடியில் பதிந்து கொண்டுவந்தார். சித்தி கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகினாள்.

பிறகு ஒருநாள் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். தாத்தா நிச்சயதார்த்தத்துக்கு நாளே பார்த்து வைத்திருந்தார். சித்தியை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் அம்மா ஏதாவது வாசிக்கச் சொன்னாள். சித்தி அந்த மெட்டை எடுத்தாள். முதலில் துள்ளலாக, அப்புறம் கப்பல் கிளம்பும்போது வந்ததுபோல மெதுவாக.

நோட்டு ஸ்வரம் ஜோர் என்று அந்த மாமி தலையாட்டினாள். இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு நம் பெரியவர்கள் பாட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களே, அதில் ஒன்று என்று நினைத்துவிட்டாள். நான் சும்மா இருப்பேனா?

"நோட்டு ஸ்வரம் ஒண்ணும் இல்லே மாமி. அயர்லாந்து சினிமாவிலே வர்றதாக்கும். சேட்டன்தான் சித்திக்கு சிடியிலே எடுத்துக் குடுத்தார்."

"எந்தச் சேட்டன்?" என்றாள் மாமி.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், கடலைப் பொட்டலம் உட்பட. அவர்கள் சொஜ்ஜியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அம்மா கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று தேம்பித் தேம்பி அழுதேன். சித்தி என்னை மடியில் போட்டுக்கொண்டு, மிஞ்சிய சொஜ்ஜியை ஊட்டிவிட்டாள். தாத்தா மூன்று மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரேதான் சேட்டனிடம் அவள் கையைப் பிடித்துக் கொடுத்தார்.

சித்திக்கு நூறு கீர்த்தனையாவது பாடம். அன்றைக்கென்று ஏன் அதை வாசித்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. காலையில் எனக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிடும்போது, மாமி ஏதாவது கேட்டால் வெட்கப்படாமல் பதில் சொல்லணும் என்று இரண்டு தடவை சொன்னாள். சொல்லும்போது பாவாடை நாடாவில் அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்துகொண்டே வந்தது. பட்டு நாடா வழுக்குகிறது என்று நினைத்து, நானே அதை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.