ராசாக்கள் திருநாள் நாடகத்துக்குப் பிறகு

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். கணவர் பட்டாளத்தில் இருந்தார். மகளுக்கு ஆறு வயது. மகனுக்கு ஐந்து மாதம். அவனை அவன் அப்பா இன்னும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், பிள்ளைகளை ஏதாவது ஒரு நாடகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றார் தலைமையாசிரியர். எதற்குப் போகலாம் என்று முடிவு செய்யும் வேலையை என்னிடம் விட்டார். அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. இன்னொன்று, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் திருநாளன்று எங்கள் கோயில் முற்றத்தில் ஊர்க்காரர்களே போடும் நாடகம். கம்பெனி நாடகத்தைப் பற்றி நான் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான். பபூன் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். அப்படியானால் அசிங்கமான பாட்டும் இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

“கோயில் நாடகத்துக்கே போவோம் சார். அதுல கெட்டது ஒண்ணும் இருக்காது” என்றேன்.

அந்த ஊருக்கு மாற்றலாகி எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த நாடகத்தை நான் பார்த்ததே இல்லை.

திருநாளன்று பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளை மேடைக்கு மிக அருகே பாயில் உட்காரவைத்தோம். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். எங்கேயும் அப்படித்தானே செய்வோம். என் மகள் முதல் வரிசையில் இருந்தாள். நான் கைக்குழந்தையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

நட்சத்திரம் வந்தது, மூன்று ராசாக்கள் வந்தார்கள், பிள்ளைகள் கை தட்டினார்கள். அதன் பிறகு, பிறந்திருக்கும் இயேசுவை ஒழித்துவிட நினைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளையெல்லாம் கொல்லும்படி அரசன் சேவகர்களுக்குக் கட்டளையிட்டான். சேவகர்களுக்கு உடுப்பு வாங்க வசதி இல்லாததால், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் பழைய காக்கிச் சட்டைகளை இரவல் வாங்கியிருந்தார்கள். என் கணவரின் சட்டையும் அதில் ஒன்று. நானேதான் துவைத்து மடித்துக் கொடுத்தேன்.

சேவகர்கள் கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்த தாய், “எங்க வூட்டுல ஆம்பளப் புள்ள இல்ல” என்றாள். திரைக்குப் பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. சேவகன் உள்ளே போய், துணியால் செய்த குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தான். கத்தியை ஓங்கினான். சிவப்புத் தண்ணீர் தெறித்தது. முன் வரிசையில் இரண்டு மூன்று பிள்ளைகள் வீறிட்டார்கள். என் மகள் அழவில்லை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தைரியமான பெண் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் கேட்டாள்: “அம்மா, தம்பிக்கு ரெண்டு வயசு ஆக இன்னும் எத்தன நாளு?”

“அது கெடக்கு ரொம்ப நாளு” என்றேன்.

அதன் பிறகு அவள் தம்பிக்குத் தன் பழைய பாவாடையைச் சுற்றிவிடத் தொடங்கினாள். கனகாம்பரத்தை அவன் காதோரம் செருகினாள். அக்கா தம்பி விளையாட்டு என்று நான் சிரித்தேன். அவன் அழுதால் ஓடிப்போய் வாயைப் பொத்தினாள். “அப்படிச் செய்யாத, மூச்சு முட்டும்” என்று ஒரு நாள் கையில் ஓர் அடி வைத்தேன். மறுநாளிலிருந்து அவன் சிணுங்கும் முன்பே, கருப்பட்டியைத் துணியில் முடிந்து அவன் வாயில் வைத்தாள். பகலிலும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். எதற்கு என்று கேட்டால், “சும்மா” என்றாள். முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வீட்டில் இருந்த ஒரு பிள்ளையின் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, தூளியில் தூங்கிய குழந்தைக்கு அவளைக் காவல் வைத்துவிட்டு ஏரிக்குத் துணி துவைக்கப் போனேன். பாதித் துணி முடிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி கரையிலிருந்து கூப்பிட்டாள்.

“டீச்சர், ஒங்க வூட்டு வாசல்ல பட்டாளத்துக்காரரு நின்னுக்கிட்டு கதவத் தட்டுறாரு. ஒங்க வூட்டுக்காரராத்தான் இருக்கணும். வாங்க.”

துணியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். அவர் கொல்லைப் பக்கம் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். மீசை இல்லை. காக்கிச் சட்டையும் பூட்ஸும் போட்டிருந்தார்.

“லீவு கெடச்சுது. காயிதம் போட நேரமில்ல” என்றார். “புள்ளைங்க எங்க? தட்டுனப்ப உள்ள யாரோ ஓடுற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணையும் காணும். பின்கதவு தெறந்திருந்துது, அங்க நின்னு கூப்பிட்டும் பாத்தேன்.”

தூளி காலியாகக் கிடந்தது.

உள்ளறையில் துணி வைக்கும் பலாமரப் பெட்டியின் மூடிமேல் மகள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் மூடியின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

“தம்பி எங்கடி?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்து, மேடையில் கேட்ட அதே குரலில் சொன்னாள்:

“எங்க வூட்டுல ஆம்பளப் புள்ள இல்ல.”

அவளைத் தள்ளிவிட்டு மூடியைத் திறந்தேன். என் சேலைகளுக்கு நடுவில் குழந்தை கிடந்தான். உடம்பெல்லாம் வேர்வை. உதடு கறுத்திருந்தது. வாயில் அந்தக் கருப்பட்டித் துணி. நான் தொட்டபோது தலை துவண்டு சாய்ந்தது. அவர்தான் குழந்தையைப் பிடுங்கி, துணியை உருவி எறிந்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஓடினார். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டினார்.

மகள் அதைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிவந்து அவர் முன்னங்கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவர் கையை உதறவில்லை. உதறினால் குழந்தை விழுந்துவிடும். அவள் கடித்தபடியே தொங்க, அவர் தட்டிக்கொண்டே இருந்தார். எத்தனை முறை என்று தெரியாது. பிறகு குழந்தை இருமினான். அழுதான்.

பெட்டியின் ஒரு மூலையை எலி கடித்து ஓட்டை போட்டிருந்தது. தகரம் வைத்து அடைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அடைக்கவில்லை. குழந்தை பிழைத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே அவர் வேட்டிக்கு மாறினார். காக்கியையும், கதவுக்கு அடியில் அவள் முதலில் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பூட்ஸையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். “நாந்தாண்டி பாப்பா, அப்பாவத் தெரியலயா?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இருந்த பன்னிரண்டு நாளும் அவள் அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. அவர் தம்பியைத் தூக்கும்போதெல்லாம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

நான் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். “நாடகந்தானே டீச்சர், புள்ளைங்க மறந்துடும்” என்றார். அவள் மறப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துணிக் குழந்தையைத் தைத்த தையற்காரரைத் தேடிப்போய், மகள் கண்ணெதிரே அதைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளேயிருந்து வைக்கோல் கொட்டியது.

“பாத்தியா, வெறும் பொம்ம” என்றேன்.

அவள் வைக்கோலைத் தொட்டுப் பார்த்தாள். “இது பொம்ம. அன்னிக்கி அழுதது யாரு?” என்று கேட்டாள்.

திரைக்குப் பின்னால் யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் லீவு முடிந்து போனார். யுத்தம் முடிந்த பிறகு, ஒரு காது கேளாமல், உயிரோடு திரும்பி வந்தார். அதற்குள் எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றலாகியிருந்தது. அங்கே பள்ளிக்கு நாடகமோ பொம்மலாட்டமோ எது வந்தாலும், முதலில் நான் மட்டும் போய்ப் பார்ப்பேன். பெரியவர்களோடு நாற்காலியில் உட்காராமல், முன் வரிசைப் பாயில், ஆறு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். யார் சாகிறார்கள், கண்ணெதிரே சாகிறார்களா, எப்படிச் சாகிறார்கள் என்று நடத்துகிறவர்களிடம் நேராகவே கேட்பேன். “இந்த டீச்சருக்கு என்ன கோளாறோ” என்று என் காதுபடவே பேசினார்கள்.

மகளுக்குப் பத்து வயதானபோது, ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு, காட்டு மிருகங்கள் பேசுவதாக ஒரு நாடகம் போட்டது. நான் முன்பே பார்த்துவிட்டேன். ஓர் எறும்புகூட அதில் சாகாது. அன்று தம்பியையும் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள். அவனுக்கு நான்கு வயதாகியிருந்தது. கரடி வந்தபோது குதித்துக் குதித்துச் சிரித்தான். அவள் அவன் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் உள்ளே வருகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.