ரிலீஃப் என்றால் என்ன அர்த்தம்

கடல் ஊருக்குள் வந்து போன அந்த மார்கழியில் எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவே கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தது. மீன்பிடிக்கப் போன அப்பா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அப்படித்தான் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர்கள்கூட அப்போது சரளமாகப் பேசிய ஒரே இங்கிலீஷ் வார்த்தை ரிலீஃப். ரிலீஃப் அரிசி, ரிலீஃப் பாய், ரிலீஃப் லாரி. அப்படி வந்த ஒரு லாரி, பழைய துணிகளை ரோட்டோரம் மலையாகக் கொட்டிவிட்டுப் போனது. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள்; உடம்பில் இருப்பது ஒன்றுதான் மிச்சம் என்றாலும் தொடமாட்டார்கள். நான் தொட்டேன். துணிக்காக இல்லை, ஒரு ஸ்வெட்டருக்கு அடியில் தடித்த ஆங்கில-தமிழ் அகராதி கிடந்தது.

உடனே ரிலீஃப்பைத் தேடினேன். ஒரு வார்த்தைக்கு அத்தனை அர்த்தம்! வலி குறைவது, உதவிப் பொருள், ஒருவரை மாற்றிவிட வருகிற ஆள், சுவரிலிருந்து புடைத்து நிற்கும் சிற்பம். சிதம்பரம் கோபுர வாசலில் நான் தடவிப் பார்த்த நாட்டியப் பெண்களும் ரிலீஃப்தானாம்! எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன்: மறுபடியும் தூக்கிவிடுவது. மண்டபம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.

"பழைய ஜட்டின்னு ஒரு அர்த்தம் இருக்கணுமே, நல்லாப் பாரு மாப்ள" என்றார் மாமா, அம்மாவின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"மறுபடியும் தூக்கி உடறதுன்னா போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"எங்கேருந்துன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடல."

அம்மா எழுந்தாள். நேராக ரோட்டுக்குப் போய், அத்தனை பேர் பார்க்க, குவியலைக் கிளறத் தொடங்கினாள்.

"இன்னா யக்கா இது, மானம் போவுது, எழுந்து வா" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார். உதறினாள். எனக்கு ஒரு டவுசராவது எடுப்பாள் என்று பார்த்தேன். எடுத்தது நீலக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை.

"யாருக்கு?"

"ஈரத்தோட வருவாரேடா. கரையில காஞ்ச சட்டை வச்சிகினு நிக்க வாணாமா?"

மாமா துண்டால் வாயை அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

எனக்கு ஒரே பெருமை. நான் சொன்ன அர்த்தத்தைக் கேட்டுத்தானே அம்மா எழுந்தாள்! கவலை ஒன்றுதான்: அந்தச் சட்டை அப்பாவுக்குத் தொளதொளவென்று இருக்கும். தோள் அளவுக்கு வேறொன்று தேடி நானும் குவியலுக்குள் இறங்கினேன்.