அண்ணன் வைத்துவிட்டுப் போன சத்தம்

எங்கள் அண்ணனைப் பற்றி எழுதும்படி, தங்கையாகிய என்னை மதினி உட்கார வைத்திருக்கிறார்கள். அண்ணன் போய் ஓராண்டு ஆகியும் கை ஓடவில்லை. பிறந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணன் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில் தாலுகா அலுவலக வேலைக்குப் போனார்கள். தங்கைகள் இருவரையும் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்த பிறகுதான் தாமும் மணம் முடித்தார்கள். பாளையங்கோட்டையில் குடியேறியபின் தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. இசைத்தட்டு போடும் செட்டும் அதற்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும்தான் அது.

ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிவிட்டிருந்த காலம். இசைத்தட்டைக் கழிக்கிற வீடு எதுவென்று விசாரித்து, திருச்செந்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவார்கள். தங்கை என்றும் பாராமல், "ஏட்டி, கைய கழுவிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தருவார்கள். பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு யோசித்துக் கையில் கொடுப்பதில்லை.

ஒருநாள் பஜனைத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, "இதுல ஜால்ரா சத்தம் எங்க போச்சு? ஊசி தேஞ்சிருக்கும்" என்றார்கள். ஊசியை மாற்றினார்கள். பிறகு தட்டுதான் தேய்ந்துவிட்டது என்று, அதே பஜனையை வேறு தட்டாக வாங்கினார்கள். பிறகு பழி ஸ்பீக்கர் மேல் விழுந்தது. எங்களுக்கு ஜால்ரா கேட்கத்தான் செய்தது. அவர்கள் தேடுவது வேறு ஏதோ நுட்பம் என்று நினைத்துக்கொண்டோம். சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

"கொஞ்சம் பைய வைங்களேன், பக்கத்து வீட்டுப் பிள்ள படிக்குதுல்லா" என்பார்கள் மதினி.

"பையத்தானே வச்சிருக்கேன்" என்பார்கள் அண்ணன்.

அப்புறம் சி.டி. வந்தது. "இதுல ஊசியே கிடையாது, தேயுததுக்கு ஒண்ணுமில்ல" என்று அந்தப் பெட்டியையும் வாங்கி, அதே பஜனையைச் சி.டி.யில் தேடிப் பிடித்து, கேட்பதற்கு என்னையும் வரச்சொன்னார்கள். பாட்டு முடிந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமலே கேட்டார்கள்.

"ஏட்டி, உனக்கு ஜால்ரா கேக்குதா?"

"நல்லா கேக்குதுண்ணே."

"அப்ப செட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

காது நரம்பு பழுதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் டாக்டர். காதில் வைக்கும் மெஷின் பேச்சுக்கு உதவியது. பாட்டுக்கு, "தகரத்துல ஆணி வச்சுக் கீறுன மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார்கள். ஜால்ராவுக்குப் பின் புல்லாங்குழல் போனது, வயலின் போனது. கடைசியில், ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்து மிருதங்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். வேறெதுவும் செய்ய எங்களுக்கு வழியில்லை. அப்போதும் தட்டு வாங்குவதை நிறுத்தவில்லை. "எனக்குக் கேக்காட்டா என்ன, பாட்டு தட்டுலதானே இருக்கு" என்பார்கள்.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காதருகே குனிந்து "அண்ணே, அண்ணே" என்று கத்தினோம். கண் திறக்கவில்லை. எங்கள் குரல் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. இந்த வேதனை தீராது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அண்ணனுக்குப் பிடித்த தட்டு ஒன்றைப் போடுவோம் என்று என் கணவர் செட்டை ஓடவிட்டார். அண்ணன் கடைசியாக வைத்திருந்த சத்தத்திலேயே அது இருந்தது. பஜனை வீடே அதிரக் கிளம்பியது. ஜால்ரா கணீரென்று தெருமுனை வரை கேட்டது. குறைக்க ஓடிய மதினி, குமிழில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா வாசலுக்கே வந்து, "இருக்கட்டும்க்கா, குறைக்காதீங்க" என்றார்கள்.

எங்கள் துக்கத்தில் உடனிருந்த உறவினர், அலுவலக நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. இத்தனை வருஷமும் ஒருநாள்கூட முகம் சுளிக்காத எங்கள் தெருக்காரர்களுக்குத் தனியாக நன்றி. முதலாண்டு நினைவு நாளான இன்றும் அந்தத் தட்டைப் போடப் போகிறோம். குமிழை நாங்கள் யாரும் திருப்பவில்லை. இன்னும் ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள்.