நியாயாதிபதிக்குச் சம்பளம் கேட்கப் போனது

பாகூர் கோர்ட்டு வாசலில் ஒரு புங்க மரம் நின்றது. உச்சி வெயில் நேரத்தில் அதன் அடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, எங்கள் நியாயாதிபதி ஐயா கேழ்வரகுக் களி தின்பார். தொட்டுக்கொள்ளக் கீரைக் குழம்பு. உள்ளே அவருக்கென்று தனி அறையும் மேசையும் இருக்கும்போது இப்படி வெளியே வந்து உட்காருகிறாரே என்று எனக்கே கூச்சமாக இருக்கும். ஒரு நாள் கேட்டும்விட்டேன். “உள்ள உக்காந்து தின்னா, இன்னா தின்னாரு, எவன் குடுத்தான்னு நாலு பேர் கதை கட்டுவாங்க. இங்க தின்னா களிதான்னு கண்ணால பாத்துட்டுப் போயிடுவாங்க இல்ல?” என்று சொல்லிவிட்டு விரலைச் சப்பினார்.

பிள்ளைகளே, அப்போது நம் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. நான் அந்தக் கோர்ட்டில் சேவகன். வழக்குக்காரர் பெயரை வாசலில் நின்று கூப்பிடுவது என் வேலை. கொலை, திருட்டெல்லாம் அங்கே வராது. குடிகளுக்கும் சர்க்காருக்கும் இடையே வருகிற வழக்குகள்தான் வரும். ஏரித் தண்ணீர், வாய்க்கால் கரை, நிலவரி, புறம்போக்கு இப்படி. ஒரு பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிய குடியானவன், இன்னொரு பக்கம் சர்க்கார். சர்க்காருக்காகப் பேசுவதற்குச் சர்க்கார் வக்கீல் ஒருவர் இருந்தார். சர்க்காரிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு சர்க்காருக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நியாயாதிபதி. அது எவ்வளவு கஷ்டமான உத்தியோகம் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

சம்பள விஷயத்தில் இருவருக்குமே குறை இருந்தது. பட்டணத்தில் இதே வேலையைப் பார்த்த வெள்ளைக்கார நியாயாதிபதிக்குக் கொடுத்ததில் பாதிகூட எங்கள் ஐயாவுக்கு இல்லை. உள்ளூரில் பிறந்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. வக்கீலுக்கோ மாதச் சம்பளமே இல்லை. வழக்கு எத்தனை நாள் நடக்கிறதோ அத்தனை நாளுக்குக் கூலி. ஆகவே அவர் எந்த வழக்கையும் சீக்கிரம் முடிய விடமாட்டார். நிலம் அளக்கிற அளவுக்காரருக்குக் காய்ச்சல் என்பார், பட்டணத்திலிருந்து வழக்குக் காகிதக் கட்டு வரவில்லை என்பார். ஒன்றும் அகப்படாவிட்டால், “எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது” என்று அந்தக் கூடமே அதிரும்படி கணீரென்று சொல்லி வாய்தா கேட்பார். கெட்ட மனிதர் அல்லர். வீடு நிறையப் பிள்ளைகள். ஒரு தடவை என்னிடம், “வழக்கு முடிஞ்சா என் வூட்டு அடுப்பும் முடிஞ்சிடும்பா” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துவிட்டுப் போவார். உழவு மாட்டை அவிழ்த்துவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்து வந்த குடியானவர்களால் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

இப்படி இருக்கையில், ஐயாவின் வீட்டு அம்மா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுப் பெரிய தகரப் பெட்டி ஒன்று வாங்கிவரச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். “சைகோனுக்குப் போறதுன்னா சும்மா மூட்டை கட்டிக்கிட்டா போவ முடியும்?” என்றார்கள். அந்த அம்மாவின் தம்பி, கடல் கடந்து பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். ஐயா அங்கே வந்தால் இரண்டு மடங்கு சம்பளம் கிடைக்கும் என்று அவர் எழுதியிருந்தாராம். வளர்ந்த பெண்கள் இருவரைக் கட்டிக்கொடுக்க வேண்டும். இங்கே சம்பளத்தை உயர்த்தச் சொல்லி ஐயா கடைசியாக ஒரு முறை கேட்டிருந்தார். அதுவும் இல்லை என்றானால் கப்பல் ஏறுவதாக முடிவு.

இதை என் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. அவர் நிலத்தை ஒட்டி ஏரி வாய்க்கால் ஓடியது. வாய்க்கால் கரையைத் தின்று வரப்புப் போட்டிருக்கிறார் என்று சர்க்கார் அவர் மேல் வழக்குப் போட்டிருந்தது. அது தன் பட்டா நிலம் என்பது அவர் பேச்சு. “அவரு போயிட்டா ஆட்டுக்குட்டி லஞ்சமா வாங்கித் தின்றவன் எவனாவது வந்து உக்காருவான். நியாயம் தெரிஞ்ச மனுசன் இருக்கச்சொல்லோ என் வழக்கு முடியணும்டா” என்று புலம்பினார். ஊரில் பலருக்கும் அதே கவலைதான். ஐயாவிடம் ஜெயித்தவனும் உண்டு, தோற்றவனும் உண்டு. விலைபோய்விட்டார் என்று தோற்றவன்கூடச் சொன்னதில்லை.

அடுத்த வாரமே பட்டணத்திலிருந்து ஒரு துரை, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷியோடு வந்து இறங்கினார். சம்பளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் அவர். ஊருக்குள் பரவிய செய்தி வேறு. ஐயாவைப் பற்றி விசாரணை, யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டான் என்று பரவிவிட்டது. சித்தப்பாவின் தலைமையில் ஒரு கூட்டம் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. உங்கள் நியாயாதிபதி எப்படி வாழ்கிறார் என்று துபாஷி கேட்டார். சித்தப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு, “எங்க ஐயாவுக்கு ஒண்ணும் வேணாங்க. களி இருந்தா போதும்” என்றார். உடனே பின்னால் நின்றவர்கள் போட்டி போட ஆரம்பித்தார்கள். வண்டிகூட வைத்துக்கொள்ளவில்லை, நடந்தே வருகிறார் என்றான் ஒருவன். அவர் வீட்டு அம்மா கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை என்றான் இன்னொருவன். வாசலில் நின்ற எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மொட்டைக் கடிதாசிக்காரன் வாயில் மண் என்று நினைத்துக்கொண்டேன். துரை எல்லாவற்றையும் கேட்டுத் தலையை ஆட்டினார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார். துபாஷி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “இருக்கிற சம்பளத்திலேயே இவ்வளவு மனநிறைவோடு வாழ்கிறவருக்கு உயர்வு எதற்கு என்று துரை கேட்கிறார்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு திரும்பினோம். சின்னம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தது. “நல்லவருன்னு சொல்லப் போன எடத்துல இல்லாதவருன்னு சொல்லிட்டு வந்துகீறீங்க. அதுக்கு ஒரு கூட்டம் வேற.” சின்னம்மா விடவில்லை. “ஏன்யா, நமக்கு ஏரித் தண்ணி பங்கு வெக்கிற மடைக்காரரு களி தின்றாருன்னா அவரு பங்கைக் கொறைச்சிக் குடுப்பியா? கறி தின்றாருன்னா கூட்டிக் குடுப்பியா?”

சித்தப்பா எழுந்து மேல்துண்டைத் தேடினார். “வண்டியைக் கட்டுடா” என்றார் என்னிடம்.

துரை அப்போது வில்லியனூருக்குப் போயிருந்தார். மறுநாள் விடிவதற்குள் கிளம்பினோம். எப்படியோ மோப்பம் பிடித்துச் சர்க்கார் வக்கீலும் வண்டியில் ஏறிக்கொண்டார். “எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு நாட்டாரே” என்று வழி முழுக்கச் சித்தப்பாவைத் தாஜா செய்துகொண்டே வந்தார். “என் மேலயே வழக்கு நடத்துற ஆளுக்கு நான் சிபாரிசு பண்ணணுமா?” என்று சித்தப்பா கேட்டார். “நடத்தலையே, இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார் வக்கீல். வண்டியே குலுங்கும்படி சிரித்தோம்.

துரை எங்களைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவர்கள் நீங்கள்தானே என்று துபாஷி வழியாகக் கேட்டார். “அது அவரு குணமுங்க. நாங்க இப்ப கேக்கறது அந்த நாற்காலிக்கு” என்றார் சித்தப்பா. “அடுத்து வந்து அதுல உக்காறவரும் களி தின்பாருன்னு யாருங்க எழுதிக் குடுப்பா?” பிறகு மடைக்காரர் கதையைச் சொன்னார். எங்கள் ஏரியில் மடையைத் திறந்து யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பங்கிடுகிறவர் அவர். தண்ணீர் ஓடுகிற நாட்களில் எவர் வீட்டிலும் அவர் கை நனைக்கக் கூடாது. அறுவடையானதும், தண்ணீர் போதும் என்றவன், போதவில்லை என்றவன், அவரோடு சண்டை போட்டவன் எல்லோரும் காணி நிலத்துக்கு இத்தனை கதிர்க்கட்டு என்று ஒரே கணக்கில் களத்தில் போட்டுவிட வேண்டும். எல்லோரும் கொடுப்பதால் அவர் எவனுக்கும் கடன்பட்டவர் இல்லை. அவர் வீட்டில் உலை கொதிப்பதால் எவன் வீட்டுத் தூக்குச்சட்டியையும் அவர் பார்க்க வேண்டியதில்லை.

“வக்கீலுக்கு?” என்று துரை கேட்டார். சித்தப்பா பக்கத்தில் நின்ற வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். “மடையை எத்தினி வாட்டி தெறக்கிறியோ அத்தினி கூலின்னா, மடைக்காரரு பொழுதன்னிக்கும் தெறந்து தெறந்து மூடிக்கிட்டே இருப்பாருங்க. பயிர் காஞ்சிடும்.” துபாஷிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் துரைக்குச் சொன்னார். துரை வக்கீலைப் பார்த்தார். “உண்மைதான்” என்று வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு பிரெஞ்சிலேயே ஒத்துக்கொண்டார்.

நாங்கள் போனது ஐயாவுக்குத் தெரிந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டு, “உம்ம வழக்கு என்கிட்ட இருக்கச்சே எனக்காகப் போய்ப் பேசுவீரா? அதை வேற ஒருத்தருக்கு மாத்திவிடறேன்” என்றார். “உங்களுக்காகப் போவலைங்க, ஊருக்காகப் போனோம். என் வழக்கை நீங்கதான் பாக்கணும்” என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். ஐயா, சர்க்கார் பக்கம் ஆட்சேபணை உண்டா என்று வக்கீலைக் கேட்டார். இல்லை என்று வக்கீல் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. வெள்ளைக்காரருக்கு முழுச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கௌரவமாகக் குடும்பம் நடத்தக்கூடிய சம்பளம். அதுவும் ஐயாவின் பேரில் இல்லை, அந்த உத்தியோகத்தின் பேரில் போட்டிருந்தார்கள். வக்கீலுக்கும் மாதச் சம்பளம் ஆனது. சைகோன் பேச்சு நின்றுவிட்டது. ஐயா என்னவோ களியை விடவில்லை. அந்த அம்மா மட்டும் குழம்பில் மீன் போட ஆரம்பித்தார்கள்.

வக்கீலின் தொண்டைக் கோளாறு அந்த மாதத்தோடு தீர்ந்தது. ஆண்டுக்கணக்காகக் கிடந்த வழக்குகள் மளமளவென்று முடிந்தன. சித்தப்பாவின் முறையும் வந்தது. வாசலில் நின்று அவர் பெயரை நானே கூப்பிட்டேன். அளவுக்காரர் வந்திருந்தார், கட்டும் வந்திருந்தது, வக்கீல் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். நியாயாதிபதி ஐயா நில அளவைப் படத்தை விரித்து, சித்தப்பாவையே பக்கத்தில் அழைத்து, பட்டா நிலம் எங்கே முடிகிறது, வாய்க்கால் கரை எங்கே தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். வரப்பு கரைமேல்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. படிக்கும்போது ஐயாவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னோம். சின்னம்மா, “வாங்கற சம்பளத்துக்கு வேலை செஞ்சிட்டாரு” என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தது.

மறுநாள் காலை நானும் கூடப் போய் வரப்பை வெட்டினேன். ஏர் ஓட்டிக்கொண்டு வந்த பக்கத்து நிலத்துக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். “இன்னாபா, மெனக்கெட்டு வண்டி கட்டிக்கினு போய்ச் சம்பளம் வாங்கிக் குடுத்தியே, அந்த ஆளே உன் வரப்பை வெட்ட வெச்சிட்டாரே?”

சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேலே வேறொன்றும் இருந்தது.

“அதுக்குத்தாண்டா வாங்கிக் குடுத்தோம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கொத்தை ஓங்கிப் போட்டார்.