மேட்டு மண்ணும் வயல் மண்ணும்

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் மாரியப்பன். சால்ட் லேக்கில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். அணை கட்ட எந்த இடத்து மண் ஆகும், எந்தப் பாறை ஆகும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2004இல் திரும்பியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நடந்ததை அவரும் அவர் மனைவி நீலாவதியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள்.

1997இல் புருலியாப் பக்கம் ஒரு மண் அணைக்குத் திட்டம் போட்டார்கள். அதன் நடுவில் தண்ணீர் புகாத களிமண் சுவர் வேண்டும். அந்தக் களிமண் இரண்டு இடங்களில்தான் இருந்தது. ஒன்று, யாரும் உழாத மேட்டு நிலம். மற்றது முப்பது குடும்பங்களின் நெல்வயல். மாரியப்பன் இரண்டு மாதம் அங்கே தங்கி, இரண்டு இடத்திலும் குழி வெட்டி மண் எடுத்தார். தங்கியது சுபல் மஹதோ என்ற விவசாயியின் வீட்டில். வயல் போய்விடுமா என்று சுபல் ஒருநாள் நேராகவே கேட்டார். மேட்டு மண்ணே போதும், உங்கள் வயலைத் தொட மாட்டார்கள் என்று மாரியப்பன் சொல்லிவிட்டார். அப்போது சோதனை ஆரம்பிக்கவே இல்லை.

சோதனை எளிதானது. ஒரு சிறு மண்கட்டியை டிஸ்டில்ட் வாட்டரில், அதாவது காய்ச்சி வடித்த உப்பில்லாத தண்ணீரில், போட வேண்டும். கட்டியைச் சுற்றிப் புகை மாதிரிக் கலங்கல் பரவினால் அந்த மண் ஆகாது. அணையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், கசியும் தண்ணீரோடு அதுவும் கரைந்து போய்க்கொண்டே இருக்கும்.

மேட்டு மண் கலங்கவில்லை. பன்னிரண்டு குவளையிலும் தண்ணீர் தெளிவாக நின்றது. அறிக்கை போயிற்று.

மூன்று வாரம் கழித்து, தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்த்தவன் பதிவேட்டில் எழுதிய தேதிகளை மாரியப்பன் பார்த்தார். சோதனை நடந்த வாரம் முழுக்க அது ஓடவே இல்லை. ஆனால் வடித்த தண்ணீர் வைக்கிற கேன் நிறைந்திருந்தது. யாரோ போர்வெல் குழாயில் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கெட்ட மண்ணும் கலங்காது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது.

"கத்திரிக்கா வாங்க அனுப்பினா ஒவ்வொண்ணா உருட்டிப் பாக்கிற மனுஷன்," என்றார் நீலாவதி. "மெஷின் ஓடலை, கேன் மட்டும் எப்படி ரொம்பிச்சுன்னு கேக்கத் தோணலை பாரேன்."

"தோணிச்சு," என்றார் மாரியப்பன். "கேக்கலை."

மீதியிருந்த மேட்டு மண்ணை நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடத்தில் குவளை பால் போலாயிற்று. வயல் மண் போட்ட குவளை தெளிவாகவே நின்றது.

அதிகாரி வீரராகவனிடம் போனார். அவர் கதவைச் சாத்திவிட்டு, ஊரில் நூறு அணை இப்படித்தான் நிற்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வாயைத் திறந்தீர்னா உம்ம சிநேகிதன் வயல்தான் போகும். திறக்கலைன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. நன்னா யோசியும்."

"அணைக்குக் கீழ எத்தனை ஊர் சார்?"

"பதினொண்ணு."

மாரியப்பன் அன்றே எழுதிக் கொடுத்தார். மேட்டு நிலத்தைக் கைவிட்டு வயலைக் குறித்தார்கள். அவருக்கு வந்தது கண்டனக் கடிதம். அதற்குமேல் பதவி உயர்வும் இல்லை. நோட்டீஸ் போவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று புருலியாவுக்கு ரயிலேறினார்.

சுபல் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துப் பொரியும் பச்சை மிளகாயும் கொடுத்தார். மாரியப்பன் கேன் விஷயத்திலிருந்து எல்லாவற்றையும் தன் அரைகுறை வங்காளத்தில் சொன்னார். கடைசியில் சுபல் ஒன்று கேட்டார்.

"அண்ணா, அந்தப் பதினோரு ஊர்ல எங்க ஊர் இருக்கா?"

"இல்ல. உங்க ஊர் அணைக்கு மேல."

சுபல் தலையாட்டினார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ் வர இரண்டு மணி நேரம் இருந்தது. மாரியப்பன் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை.

அந்த வருட அறுப்பு முடிந்ததும் வயலில் மண் அள்ளும் இயந்திரம் இறங்கியது.